கறுப்பாய் இருப்பதெல்லாம் குயிலா?

கழுகுமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மக்காச்சோளத்துக்குள் உடம்பெல்லாம் கறுப்பான பறவைகள் நாலைந்து சேர்ந்து வருகின்றன. குயில் என்கிறார்கள். கதிரைக் கொத்திவிடுமா? விஷம் வைக்கலாமா?"

விஷத்தை முதலில் ஓரமாக வையுங்கள். அது குயிலாக இருக்காது. குயில் வயலில் கூட்டமாக இறங்காது. மரத்திலேயே இருந்து ஆல், அத்தி, வேம்பு என்று பழம் தின்னும். ஆண் மட்டுமே கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி.

கூட்டமாக வாழும் முழுக் கறுப்புக் குயிலினம் உலகில் உண்டு. 'ஆனி' என்று பெயர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருக்கிறது. பல ஜோடிகள் ஒரே கூட்டில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். மேயும் மாட்டுக்குப் பின்னால் போய், புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைப் பிடிக்கும். நம் ஊரில் அது கிடையாது.

இங்கே அந்த வேலையைச் செய்வது கரிச்சான். இரட்டைவால் குருவி என்பதும் இதைத்தான். குயில் இனமே அல்ல. வால் நுனி மீன்வால் போலப் பிளந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உழவு ஓட்டும்போது நாலைந்து கூடும். தானியத்தைத் தொடாது, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, புழுதான் அதற்கு இரை. கதிர் தோகை கிழிந்து மணி போயிருந்தால் கிளியையும் காக்கையையும் கவனியுங்கள். அவற்றுக்கு மினுமினுப்பு நாடா கட்டினால் போதும்.

இன்னொன்று செம்போத்து. இது குயில் குடும்பம்தான். ஆனால் சொந்தமாகக் கூடு கட்டும். காக்கை அளவு, கறுப்பு உடல், செங்கல் நிற இறக்கை. வேலி முள்ளுக்குள்ளிருந்து இறங்கி நடந்தே இரை தேடும். நத்தை, புழு, சுண்டெலி எல்லாம் தின்னும். இதன் கறி நெஞ்சுச்சளிக்கு நல்லது என்று கண்ணி வைப்பவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். சளிக்கு டாக்டரிடம் போங்கள். இப்பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கரிச்சானை விரட்டுவதற்குப் பதில் உட்கார இடம் கொடுங்கள். உளுந்து, பருத்தியில் ஏக்கருக்கு 20 இடங்களில், பயிருக்கு மேலே தெரியும்படி குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகளை நடலாம். கம்பு, சோளம் போட்டிருப்பவர்கள் கதிர் பால் பிடிக்கும் முன்பே அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளும் அதில் வந்து உட்காரும்.