அருகிவரும் உயிர்களை அளந்தறிதல்

ஓர் உயிரினம் அருகி வருகின்றதென்பதை எவ்வாறு துணிவது? தொகை மிகுந்திருப்பின் அச்சமில்லை என்றே நம்மிற் பலர் கருதுகிறோம். அக்கருத்துப் பொருந்தாதென்பதை வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் வரலாறு நமக்குக் காட்டும்.

1980-ஆம் ஆண்டுகளில் இப்பறவை நம் நாட்டிலே திரள் திரளாக வாழ்ந்தது. இறந்த மாடுகளை உண்டு நிலத்தைத் தூய்மை செய்தது. 2007-க்குள் அது நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் மடிந்தொழிந்தது.

1948-இல் தோன்றிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் செம்பட்டியல் வகுத்து வருகின்றது. தொகையின் சிறுமை, வாழிடப் பரப்பின் சுருக்கம் ஆகியவற்றோடு, குறையும் விரைவையும் அஃது அளவையாகக் கொள்ளும். பத்தாண்டு, மூன்று தலைமுறை என்னும் இரண்டனுள் நீண்ட காலத்தை எடுத்துக்கொள்வர். குறைவின் காரணம் நீங்காதவிடத்து, அக்காலத்தில் நூற்றுக்கு 80 பங்கு குறைந்த இனம் மிக அருகியது. 50 பங்கு குறைந்தது அருகியது. 30 பங்கு குறைந்தது அழிவுக்கு இலக்காவது.

இவ்வளவையால் 2000-இலேயே பாறு மிக அருகிய இனமெனக் குறிக்கப்பெற்றது. மாடுகளுக்கு இட்ட டைக்லோஃபினாக் என்னும் நோவுமருந்தே அதன் சிறுநீரகத்தைக் கெடுத்ததென்பது 2004-இற்றான் வெளியாயிற்று. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகட்கு இடுதல் இந்தியாவில் தடுக்கப்பட்டது. காரணம் விளங்குமுன்னரே கேட்டினை உணர்த்தியது அளவை.

எஞ்சிய சில பாறுகள் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கிற் கூடு கட்டுகின்றன. ஆதலின், ஓர் உயிர் இன்று எத்துணை உளது என்பதோடு அமையாது, நேற்று எத்துணை இருந்தது என்பதனையும் நாம் வினவுதல் வேண்டும். அதற்கு விடை கூற, இன்று மிகுந்திருப்பவற்றையும் நாம் எண்ணிக் குறித்து வைப்போமாக.