ஞாயிறன்று ஒரு நடை: கன்னேரி குகைகள்

மும்பைக்கு வந்து பல வருடங்களாகியும் கன்னேரியைப் பார்க்காத தமிழர்கள் ஏராளம். போரிவிலி ரெயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. வாசலில் இருந்து சுமார் 6 கிலோ மீட்டர் உள்ளே போனால் குகைகள் வந்துவிடும்.

"கிருஷ்ணகிரி" என்ற பழைய பெயரே கன்னேரி என்று மருவியது. கரிய மலை என்று பொருள். நமது கிருஷ்ணகிரிக்கும் அதே பெயர்தானே!

இங்கே 100-க்கு மேற்பட்ட குகைகள் உள்ளன. புத்த பிட்சுகள் சுமார் 1,000 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார்கள். 3-ம் எண் குகைதான் பெரியது. வாசலின் இருபுறமும் சுமார் 23 அடி உயர புத்தர் சிலைகள் நிற்கின்றன. உள்ளே 34 தூண்கள், கோடியில் ஸ்தூபி. எல்லாம் ஒரே பாறையில் குடைந்தவை.

தண்ணீர்த் தொட்டிகள்

இவற்றைவிட என் மனதைத் தொட்டவை தண்ணீர்த் தொட்டிகள்தான். பாறையில் வாய்க்கால் வெட்டி, மழைநீரைத் திருப்பித் தொட்டிகளில் தேக்கினார்கள். ஒரு தொட்டியை வெட்டிக் கொடுத்தவர் கல்யாண் நகரத்துப் பொற்கொல்லர் என்கிறது கல்வெட்டு. மன்னர் அல்ல, கைத்தொழில் செய்து பிழைத்தவர்!

குடத்துடன் குழாயடி வரிசையில் நின்று பழகிய நமக்கு, அந்த தர்மத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

திங்கட்கிழமை விடுமுறை. கட்டுச்சோற்று மூட்டை பத்திரம், குரங்குகள் அதிகம்!