கசங்கிய கோட்டும் இன்னுமொரு கேள்வியும்



உயிர்த்த ஞாயிறு விடுமுறையை ஒட்டி வானொலியில் நான் ஆற்றிய உரையைக் கேட்கத் தவறிய சிலர் அதை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தார்கள். 'கொலம்போ' என்று அறிவித்ததும் நம் தலைநகர் கொழும்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று ஓர் ஐயா காத்திருந்தாராம். இது அந்தக் கொழும்பு அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் லெப்ரினன்ட் கொலம்போ.

நோர்வேஜியர்கள் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு மலைக் குடிலுக்குப் போய், தோடம்பழமும் சொக்லேற்றும் சாப்பிட்டுக்கொண்டு கொலைக்கதை படிப்பதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது வியந்திருப்போம். 'போஸ்கெக்ரிம்' என்ற இந்த வழக்கம் 1923 இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 24 ஆம் திகதி 'ஆஃப்தன்போஸ்தன்' பத்திரிகையின் முதற்பக்கத்தில், பேர்கன் ரயில் இரவு கொள்ளையடிக்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் வந்தது. செய்தி என்று நம்பிப் பலர் பதறிப்போனார்கள். உண்மையில் அது நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள் புனைபெயரில் எழுதிய நாவலின் விளம்பரம். அன்று பிடித்த பழக்கம் இன்று பால் பெட்டியில் அச்சடிக்கும் படக்கதை வரை வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் நுழையவே பதினைந்து வருடம் சென்றது. காரணம் அப்பா. 1989 இல் நாங்கள் இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. ஊரில் அப்பா இரண்டு தடவை விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர். என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஒஸ்லோவில் பொலிஸார் இடுப்பில் துவக்கு இல்லாமல் நிற்பதைக் கண்டும் அவர் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறித்தான் நடப்பார். ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டு ரீ.வீ.யில் பொலிஸ் நாடகம் எது வந்தாலும், விசாரணை அறைக் காட்சி வந்தவுடன் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

2005 அளவில் நான் நூலகத்தில் கொலம்போ டிவிடி ஒன்றை இரவல் எடுத்து வந்தேன். ஆங்கிலப் பேச்சு, கீழே நோர்வேஜிய உபதலைப்பு. அப்பாவின் நோர்வேஜியத்துக்கு உதவும் என்பதே என் கணக்கு. அன்றைக்கு அப்பா எழும்பவில்லை.

ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். இந்தத் தொடரில் கொலைகாரன் யார் என்பது முதலிலேயே எங்களுக்குக் காட்டப்பட்டுவிடும். அதனால் திடுக்கிட வைக்கும் வேலை கிடையாது; இவர் எப்படிப் பிடிக்கப் போகிறார் என்பதே கதை. கொலம்போ அடிப்பதில்லை, துவக்குத் தூக்குவதில்லை. மனைவியைப் பற்றிக் கதைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து, "இன்னுமொரு விசயம்..." என்று தலையைச் சொறிவார். கசங்கிய மழைக்கோட்டு, பழைய பேஜோ 403 கார், சுருட்டு. கொலைகாரர்களோ மாளிகையில் வாழும் பெரியவர்கள். இத்தாலிய வழியில் வந்த இந்த மனிதரை அவர்கள் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. இரவில் அலுவலகம் துப்புரவாக்கிய அப்பாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

1968 முதல் 2003 வரை மொத்தம் 69 படங்கள். கொலம்போவாக நடித்த பீற்றர் ஃபோக் 2011 இல் காலமானார். மூன்று வயதில் ஒரு கண்ணை இழந்தவர். அந்தச் சரிந்த பார்வை நடிப்பு அல்ல.

எதைப் பார்க்கலாம்? 1971 இல் வந்த 'மேர்டர் பை த புக்' இல் தொடங்குங்கள். இருபத்து நான்கு வயது ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் இயக்கியது. இரண்டு எழுத்தாளர் கூட்டாளிகளில் எழுதத் தெரியாதவர், எழுதத் தெரிந்தவரை ஏரிக்கரைக் குடிலுக்குக் கூட்டிச் சென்று கொல்கிறார். குடிலுக்குப் போகும் நோர்வேஜியர் இதைப் பார்க்காமல் இருப்பது நல்லது!

'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்ரோர்ம்' (1973) எனக்கு மிகப் பிடித்தது. திராட்சை மது செய்பவர் ஒருவர் தன் தம்பியைக் கட்டி மது நிலவறையில் விட்டு, குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போகிறார். அந்த வாரம் கடும் வெயில். நிலவறை சூடாகி, உயிராக நேசித்த மது எல்லாம் கெட்டுப்போகிறது. கொலம்போ அந்த மதுவிலேயே ஒரு போத்தலை எடுத்து விருந்தில் அவருக்கே ஊற்றிக் கொடுக்கிறார். கெட்டுப்போனதை உலகத்தில் சுவைத்துக் கண்டுபிடிக்கக் கூடிய ஆள் அவர்தான். அவரே கத்தி, அவரே மாட்டிக்கொள்கிறார். கடைசியில் இருவரும் காருக்குள் இருந்து ஒன்றாக மது அருந்துவார்கள்.

'நெகற்றிவ் றியாக்ஷன்' (1974) இல் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் இடத்துக்கு விசாரிக்கப் போகிறார் கொலம்போ. அங்குள்ள கன்னியாஸ்திரி இவரையும் வீடற்றவர் என்று நினைத்துச் சாப்பாடு கொடுத்து, நல்ல கோட்டும் தேடுகிறார். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

ஆனால் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது 'எ ஃபிரெண்ட் இன் டீட்' (1974). இதில் குற்றவாளி கொலம்போவின் மேலதிகாரி, பொலிஸ் துணை ஆணையாளர். அயலவன் மனைவியைக் கொன்றதை மறைக்க உதவிவிட்டு, பதிலுக்குத் தன் மனைவியைக் கொன்று அவனை உதவிக்கு இழுக்கிறார். பழியை ஒரு பழைய திருடன்மேல் போட, நகைகளை அவனுடைய அறையில் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டுச் சோதனைக்கு ஆட்களோடு வருகிறார். அது திருடனின் அறையே அல்ல. கொலம்போ வாடகைக்கு எடுத்த அறை. அந்த விலாசத்தைக் கோப்பில் பொய்யாக எழுதி, ஆணையாளருக்கு மட்டும் காட்டியிருக்கிறார்.

முதன்முறை அது முடிந்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளை, பொய்யா ஒருத்தன்ர அறையில சாமான் வைச்சுப் பிடிக்கிறது எங்களுக்குத் தெரியும். வைச்சவனைப் பிடிக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். அதுதான் ஊர் விசாரணை பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் மேலே கேட்கவில்லை. இன்னுமொரு கேள்வி கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

'ஃபோகொற்றன் லேடி' (1975) யையும் விடாதீர்கள். நினைவு அழிந்துவரும் நோயுள்ள நடிகை கணவனைக் கொல்கிறாள். கொலம்போ உண்மையைக் கண்டுபிடித்த பின்பு எடுக்கும் முடிவை இங்கே சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு வீட்டில் சண்டை பிடியுங்கள்; எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

1989 க்குப் பிறகு வந்தவை பொதுவாகச் சோர்வானவை. அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.