வதந்தியை ஆராய்ந்தவரும் மேற்கோள் கணக்கும்

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தமிழகக் காவல்துறை திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஓசூருக்கு இது எங்கோ நடந்த செய்தி அல்ல. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகிய எல்லை நகரம் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் முன்பிருந்தே புழங்கிய தெருக்களில் இன்று இந்தியும் சேர்ந்து ஒலிக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடந்தார்கள். அச்சமும் வதந்தியும் கூட்டத்தை எப்படி ஆட்டுவிக்கின்றன என்று ஆராயும் சமூக உளவியலாளருக்கு இப்படி ஒரு களம் எளிதில் அமையாது. ஆனாலும் அவர் இங்கே வந்து தங்கி ஆராய்வதை, ஆய்வாளர்களை எடைபோட நாம் வைத்திருக்கும் முறையே தடுக்கிறது.

வதந்தி பற்றிய ஆய்வில் அதே பீகாருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் பாட்னாவில் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி, 1935-இல் பிரிட்டனின் உளவியல் ஆய்விதழில் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் பெரிய இடிபாடுகளைக் கண்ணால் காணாத மக்களிடையே, புயல் வரும், வெள்ளம் வரும் என்று இன்னும் கொடிய அழிவைச் சொல்லும் வதந்திகள் பரவியிருந்தன. பயந்தவர்கள் ஆறுதலைத்தானே தேட வேண்டும்? இந்தப் புதிர் அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரைப் பிடித்துக்கொண்டது. பயம் இருக்கிறது, அதற்கான காரணம் கண்ணெதிரே இல்லை. ஆகவே மனம் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தேடிக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். டார்ஜிலிங் நிலச்சரிவில் அழிவை நேரில் கண்டவர்களிடம் அத்தகைய வதந்திகள் எழவில்லை என்று துர்கானந்த் சின்ஹா 1952-இல் எழுதியது இதற்கு வலுவூட்டியது. இந்த விளக்கத்தைத் தாங்கி 1957-இல் வெளிவந்த ஃபெஸ்டிங்கரின் நூல் சமூக உளவியலின் தூண்களில் ஒன்றானது. இன்று பல்லாயிரம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன. பிரசாத்தின் பெயரோ அவற்றில் மிகச் சிலவற்றில்தான் வருகிறது. ஒரு கருத்து பொதுச்சொத்தாகும்போது அதன் மூலவர் மறைந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

மூலவரை விட்டுவிடும் இந்த மேற்கோள்களை வைத்துத்தான் ஆய்வாளரை எடைபோடுகிறோம். இன்று பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் பெரிதும் பார்க்கப்படும் எச்-குறியீட்டை 2005-இல் வகுத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால், அவருடைய குறியீடு 20. இதன்படி, இரண்டே கட்டுரைகள் எழுதியவர் ஒரு துறையின் போக்கையே மாற்றினாலும் அவருடைய எண் 2-ஐத் தாண்டாது.

எண்ணையும் எடுத்துவிட்டால் சாதியும் சிபாரிசும்தானே ஆளும் என்று கேட்பார்கள். நம் கல்வி நிறுவனங்களை அறிந்த யாரும் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. ஒன்றுமே எழுதாத ஒருவர் செல்வாக்கால் மேலேறுவதைத் தடுக்க எண்ணிக்கை உதவத்தான் செய்கிறது. மேற்கோள் குறைந்த கட்டுரையெல்லாம் புதையலும் அல்ல. ஆனால் எண் காட்டுவது கவனத்தை மட்டுமே, உண்மையை அல்ல. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 36 சதவீதமே மீண்டும் தெளிவான முடிவைத் தந்தன. அதன்பின் 2021-இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி மறுசோதனையில் தேறாத கட்டுரைகளே தேறியவற்றைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கண்டது. வியப்பூட்டும் முடிவு வேகமாகப் பரவுகிறது. வதந்தியை ஆராயும் துறையே இதில் சிக்கியிருப்பது வேதனை தருகிறது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி ஆய்விதழ்கள் ஆராய்ந்த மனிதர்களில் 96 சதவீதத்தினர் மேற்கத்திய நாட்டவர் என்று ஜெஃப்ரி ஆர்னட் 2008-இல் கணக்கிட்டார். அந்த வட்டத்தில் மேற்கோள் பெற எளிய வழி, அங்கே பேசப்படும் கேள்வியையே எடுத்து, கல்லூரி மாணவர்களிடம் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்குவது. ஓசூரில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியோடு நான்கு மொழிகளில் பேசிப் பழகி, நம்பிக்கை பெற்று, ஒரு வதந்தி எந்த வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி எந்த அறையில் மூட்டை கட்ட வைத்தது என்று தொடர வருடங்கள் ஆகும். கையில் மிஞ்சுவது ஓரிரு கட்டுரைகள். ஜே.பி.பி. சின்ஹா இந்திய ஆலைகளையும் அலுவலகங்களையும் ஆராய்ந்து, அன்பு காட்டியபடியே வேலையில் கண்டிப்பாக இருக்கும் மேலாளரே இங்கு எடுபடுகிறார் என்று 1980-இல் ஒரு நூலாக எழுதினார். ஓசூரில் எந்த ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசருக்கும் பயன்படக்கூடிய அந்த ஆய்வு டெல்லியில் அச்சானது. இத்தகைய இந்தியப் பதிப்புகளை உலகத் தரவுத்தளங்கள் முழுமையாக எண்ணுவதில்லை. தமிழிலோ கன்னடத்திலோ எழுதினால் கணக்கில் வருவது இன்னும் அரிது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. எந்த ஆய்விதழில் வந்தது என்று பாராமல் கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கேட்கிறது; உலகெங்கும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. அதே வழியில், இங்கும் பணிக்கு விண்ணப்பிப்பவர் தன் சிறந்த இரண்டு ஆய்வுகளைத் தர வேண்டும். தேர்வுக் குழுவினர் அவற்றைப் படித்து, தங்கள் காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும். எழுதிய காரணத்தை யாரும் கேள்வி கேட்கலாம் என்பதால் சிபாரிசுக்கும் அங்கே இடம் குறையும். பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வரும், ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் ஆசிரியர்களை நியமிக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.