உங்களுக்குத் தெரியுமா? கருங்கல்லில் கேசாலங்காரம்

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கடலோரமாகத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் யாத்திரிகர்கள், பல்லவர் காலத்துச் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் கல்லிலே நிலைநிறுத்திய கேசாலங்காரங்களையும் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். திரௌபதி ரதத்துக் கருவறையில், துர்க்கையின் பாதத்தருகே மண்டியிட்ட பக்தன் ஒருவன், தன் நீண்ட சிகையை ஒரு கையால் பற்றி இழுத்து, மறு கையில் ஏந்திய வாளால் தன் சிரத்தையே அர்ப்பணிக்கச் சித்தமாயிருக்கிறான். ஆடவரும் நீள்முடி வளர்த்த அக்காலத்துக்கு இதனினும் உருக்கமான சாட்சியம் நான் கண்டதில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக் காலூன்றி நிற்கும் தவசிக்கோ சடாமுடி. பெண்டிர் கூந்தலை ஐவகையாக முடித்ததைச் சங்கப் புலவர்கள் பல்லவருக்கு முன்னரே ‘ஐம்பால்’ என்று பாடினர். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என அவற்றை எண்ணுவர் உரையாசிரியர்.