ஆடுகளத்தில் அறிவின் இடம்

அறிவுடையோர் யாவர் என்று கேட்டால், நூலகத்தில் அமர்ந்து கற்பவரையும் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைப்பவரையும் நாம் உடனே சுட்டுகிறோம். ஆட்டக்காரரைச் சுட்டுவோர் மிகச் சிலரே. அவருக்கு வேண்டுவன கால்களின் விரைவும் தோள்களின் வலிமையும்தாம் என்பது பலருடைய எண்ணம். படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று நெடுநாளாகவே பிரித்து வைத்துவிட்டோம். அப்பிரிவினை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, அமெரிக்க நாட்டு விளையாட்டு ஒன்று நல்ல சான்றாக அமையும்.

அவ்விளையாட்டுக்கு அமெரிக்கர் இட்ட பெயரும் கால்பந்து என்பதே. ஆயினும் நாம் அறிந்த கால்பந்தினின்றும் அது பெரிதும் வேறுபட்டது. பந்து உருண்டையாக இராது. உரிக்காத தேங்காயைப் போல இரு முனையும் கூம்பியிருக்கும். பெரும்பாலும் அதைக் கையில் ஏந்தி ஓடுவர், அல்லது எறிவர். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். இலக்குக் கோடுகள் இரண்டுக்கும் இடையே 100 கஜ நீளம் உண்டு. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கஜமேனும் முன்னேறினால் மீண்டும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் இலக்குக் கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள்.

ஒவ்வொரு வாய்ப்பும் முடிந்தவுடன் ஆட்டம் சற்றே நின்று, பிறகு மீண்டும் தொடங்குவது இவ்விளையாட்டின் தனித்தன்மை. அந்த இடைவேளையில் அணியினர் வட்டமாகக் கூடுவர். அடுத்த திட்டம் இன்னது என்று ஒருவர் அறிவிப்பார். அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். நடுவில் குனிந்து நிற்பவர் கால்களினிடையே பந்தைப் பின்னுக்குக் கொடுக்க, அதை முதலில் பெறுபவரும் அவரே. பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா, முன்னே விரைந்து செல்லும் தோழர்களில் ஒருவருக்கு எறிவதா, எறிவதாயின் எவருக்கு என்பனவற்றையெல்லாம் அவர் முடிவு செய்தாக வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906ஆம் ஆண்டில்தான் விதிகள் இடமளித்தன. அன்று முதல் இப்பொறுப்பின் கடுமை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அவருக்குள்ள கால அளவை எண்ணிப் பாருங்கள். பந்து கைக்கு வந்தபின் ஏறத்தாழ இரண்டரை நொடியில் அது கையை விட்டுச் சென்றாக வேண்டும். தாமதித்தால், பேருடல் படைத்த எதிரிகள் அவரைத் தரையில் வீழ்த்திவிடுவர். அதற்குள் அவர் நாலைந்து தோழர்களின் ஓட்டத்தையும், அவர்களைக் காக்கும் எதிரிகளின் நகர்வையும் பார்த்து, எவரிடத்தில் வெற்றிடம் உண்டு என்று துணிய வேண்டும். இன்னும் நுட்பமாகச் சொன்னால், வெற்றிடம் தோன்றுமுன்பே அது தோன்றப் போகும் இடத்தை அறிய வேண்டும். தோழர் வந்து நின்றபின் எறிந்தால், பந்து போய்ச் சேருமுன் எதிரியும் அங்கு வந்துவிடுவான்.

இத்தகைய அறிவு பிறவியில் வாய்ப்பதா? தேர்வு நடத்தி அளந்தறியக் கூடியதா? அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் பல்லாண்டுகள் அவ்வாறு கருதினர். இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்குமுன், 12 நிமிடங்களில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் எழுத்துத் தேர்வொன்றை அவர்களுக்கு வைத்தனர். அதில் மிகுதியான மதிப்பெண் பெற்றவரே களத்திலும் மிகச் சிறந்து விளங்குவார் என்ற உறுதி மட்டும் கிட்டவில்லை. வீரர்களைத் தேர்ந்தாராயும் பொது முகாமில் அத்தேர்வை வைக்கும் வழக்கம் 2022ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

ஜானி யூனிடாஸ் என்பவருடைய வரலாறு இதனை நன்கு விளக்கும். 1933ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த அவரை, 1955ஆம் ஆண்டில் அந்நகரத்து அணி ஒன்பதாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே திருப்பி அனுப்பிவிட்டது. திட்டங்களை மனத்திற்கொண்டு அணியை நடத்தும் அறிவாற்றல் இவருக்குப் போதாது என்று பயிற்சியாளர் கருதினாராம். அவருடைய வரலாற்றை எழுதியோர் அவ்வாறு கூறுகின்றனர். யூனிடாஸ் கட்டட வேலை செய்துகொண்டே, ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் ஊதியத்தில் சிறியதோர் உள்ளூர் அணியில் ஆடினார். 1956ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து கோல்ட்ஸ் அணி அவருக்கு இடமளித்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1958ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் நியூயார்க் நகரின் யாங்கி அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில், அவர் அறிவாற்றல் எத்தகையது என்பதை நாடே கண்டது.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 17 புள்ளிகளும் கோல்ட்ஸ் அணி 14 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஆட்டம் முடிய ஏறக்குறைய 2 நிமிடங்களே இருந்தன. பந்தோ கோல்ட்ஸ் அணியின் சொந்தக் கோட்டிலிருந்து 14 கஜத் தொலைவில் கிடந்தது. அந்நிலையில் யூனிடாஸ், ரேமண்ட் பெர்ரி என்ற தோழருக்கு அடுத்தடுத்து மும்முறை பந்தை எறிந்தார். 62 கஜம் முன்னேற்றம் கிடைத்தது. இன்னும் 7 நொடிகள் இருக்கும்போது கம்பங்களினூடே பந்தை உதைத்து, ஆட்டத்தைச் சமன் செய்தனர்.

அம்மூன்றில் முதல் எறிதலில் நிகழ்ந்ததைப் பெர்ரி பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். திட்டம் முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. அனைவரும் கோட்டில் நின்றபோது, ஹார்லண்ட் ஸ்வேர் என்ற எதிரணி வீரர் வழக்கத்துக்கு மாறாகப் பெர்ரியின் எதிரே வந்து வழியடைத்து நின்றார். அறிவித்த திட்டம் இனி உதவாது. பெர்ரி யூனிடாஸைப் பார்த்தார். யூனிடாஸும் பெர்ரியைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. பந்து எழுந்தவுடன் பெர்ரி வெளிப்புறம் செல்வதுபோல் காட்டி, உட்புறமாகத் திரும்பினார். அவர் திரும்பிய இடத்துக்குப் பந்தும் வந்தது. அந்த ஒரு எறிதலில் 25 கஜம் கிடைத்தது. எதிரி இவ்வாறு வந்து நின்றால் யாது செய்வது என்று அவ்விருவரும் நெடுநாளைக்கு முன் பேசி வைத்திருந்தனர். பேசியதை இருவரும் மறக்கவில்லை.

மாணவ நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கண்டவர்க்கு அது கணப்பொழுதில் தோன்றிய தீர்மானம். உண்மையில், பயிற்சி முடிந்து ஏனையோர் வீடு திரும்பிய பின்னும் அவ்விருவர் களத்தில் தங்கி எறிந்தும் பிடித்தும் பேசியும் கழித்த மாலைப் பொழுதுகளில் அத்தீர்மானம் உருவாகியிருந்தது. களத்தில் எஞ்சியிருந்த வேலை, நிலைமையை அடையாளம் கண்டுகொள்வது ஒன்றே.

மனத்தின் இவ்வியல்பை உளநூலார் வேறொரு விளையாட்டில் ஆராய்ந்திருக்கின்றனர். ஹாலந்து நாட்டு அறிஞர் டி குரூட் என்பவர் தொடங்கிய ஆய்வை, 1973ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் மேலும் கொண்டு சென்றனர். உண்மையான சதுரங்க ஆட்டமொன்றின் நடுவிலிருந்து எடுத்த காய் நிலையை 5 நொடிகள் காட்டி, பிறகு அதனை நினைவிலிருந்து அடுக்குமாறு கேட்டனர். வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் சிலவற்றையே வைத்தார். அடுத்து, காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டினர். இப்போது இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது! வல்லுநரின் நினைவாற்றல் பொதுவாகப் பெரிதாக இருந்திருந்தால், இரண்டாம் முறையும் அவரே வென்றிருப்பார். அவர் தனித்தனிக் காய்களைக் காணவில்லை. பலமுறை பழகிய அமைப்புகளைக் கண்டார். நாம் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் முழுதாகப் படிப்பது போன்றது அது. சிறந்த குவார்ட்டர்பேக்கும் எதிரிகள் 11 பேரையும் அவ்வாறே படிக்கிறார்.

படித்ததை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்துவது அடுத்த படி. மேற்சொன்ன போட்டி சமனாக முடிந்ததால், கூடுதல் நேரம் தரப்பட்டது. முதலில் புள்ளி பெறுபவருக்கே வெற்றி என்பது ஏற்பாடு. பெர்ரியிடம் அடிபட்ட ஜயண்ட்ஸ் அணியினர் அவரையே கவனிக்கலாயினர். நடுவில் நிற்க வேண்டிய சாம் ஹஃப் என்ற வீரர், பெர்ரியைத் தடுக்க எண்ணிப் பின்வாங்கி நின்றார். அதைக் கண்ட யூனிடாஸ் திட்டத்தை மாற்றி, ஆலன் அமீச்சி என்பவரிடம் பந்தைக் கொடுத்து ஹஃப் விட்டுச்சென்ற நடுவழியே ஓடச் செய்தார். 20 கஜத்துக்கு மேல் கிடைத்தது. இவ்வாறு 80 கஜத்தை 13 வாய்ப்புகளில் கடந்து, அமீச்சி இலக்கை அடைந்தபோது கோல்ட்ஸ் அணி 23க்கு 17 என்ற கணக்கில் வென்றது.

தீர்மானத்துக்கு ஒழுங்கும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ் இதனை முறைப்படுத்தியவர்களுள் சிறந்தவர். அவரிடம் ஜோ மான்டானா என்ற வீரர் பயின்றார். பந்தைப் பெற்றவுடன் பின்னோக்கி வைக்கும் காலடிகளே அவருக்குக் கடிகாரம். மூன்றாம் அடியில் எறிய வேண்டிய திட்டம் ஒன்று. ஐந்தாம் அடியில் எறிய வேண்டியது மற்றொன்று. முதலில் இவரைப் பார், அவருக்கு இடமில்லையேல் அடுத்தவரைப் பார், அவருக்கும் இல்லையேல் அண்மையில் நிற்பவருக்குக் கொடு என்று பார்வைக்கும் வரிசை உண்டு. 1989ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் அவருடைய அணி 3 புள்ளிகள் பின்தங்கி, இலக்குக்கு 92 கஜத் தொலைவில் நின்றது. எஞ்சியிருந்தவை 3 நிமிடங்களும் சில நொடிகளுமே. மான்டானா பதறவில்லை. பெரும்பாலும் குறுகிய எறிதல்களாலேயே முன்னேறி, 34 நொடிகள் இருக்கும்போது ஜான் டெய்லர் என்பவருக்குப் பந்தை எறிந்து வெற்றி தேடித் தந்தார்.

வரிசையில் எவருக்கும் இடமில்லையேல்? பந்தை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டு, ஒரு வாய்ப்பை இழப்பதே அறிவுடைமை. பேராசையால் நெருக்கடிக்குள் எறிந்தால் பந்தே எதிரியிடம் போய்விடும். சிறு இழப்பை மனமுவந்து ஏற்பதும் தீர்மானத்தின் ஒரு கூறே. அப்படியும் தவறுகள் நேரும். யூனிடாஸ் தம் வாழ்நாளில் 290 எறிதல்களால் இலக்கை எய்துவித்தார். 253 எறிதல்கள் எதிரிகளின் கையில் சிக்கின. பிழையே செய்யாதவர் என்று அவரை யாரும் புகழவில்லை. பிழை செய்த மறுகணத்திலும் தெளிவாகப் பார்க்க வல்லவர் என்றே புகழ்ந்தனர்.

இறுதியாக ஒரு வினா எழுகிறது. தீர்மானிக்க வேண்டியவர் களத்தில் நிற்பவரா, கரையில் நிற்கும் பயிற்சியாளரா? கிளீவ்லாந்து அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன், பயிற்சியாளரே என்றார். வாய்ப்புக்கு ஒருவராக வீரர்களை மாற்றி மாற்றி அனுப்பி, அவர்கள் வழியாகத் திட்டங்களைச் சொல்லி விடுத்தார். அவருடைய குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் அம்முறையை முழு மனத்துடன் விரும்பவில்லை. எனினும் 1946 முதல் 1955 வரை 10 பருவங்களிலும் இறுதிப் போட்டியை எட்டி, 7 முறை வாகை சூடினார். 1956ஆம் ஆண்டில் பிரவுன் தம் வீரரின் தலைக்கவசத்தினுள் வானொலிக் கருவியொன்றைப் பொருத்தினார். சங்கத் தலைவர் அவ்வாண்டே அதைத் தடை செய்தார். 1994ஆம் ஆண்டில் அத்தகைய கருவிக்கு அனுமதி கிடைத்தது. இன்று பெரும்பாலான திட்டங்களைப் பயிற்சியாளர்களே அதன் வழியாகச் சொல்கின்றனர்.

ஆனால் அந்த அனுமதியில் ஒரு வரம்பு உண்டு. ஒரு வாய்ப்பு முடிந்தபின் அடுத்ததைத் தொடங்க, வழக்கமாக 40 நொடிகள் தரப்படுகின்றன. அவற்றுள் 15 நொடிகள் எஞ்சியிருக்கும்போது கருவி தானாகவே ஓய்ந்துவிடும். அதன்பின் பயிற்சியாளரின் குரல் கேளாது. எதிரிகள் இடம் மாறி நிற்பதைக் காண்பதும், திட்டத்தை மாற்றுவதும், எவருக்கு எறிவது என்று துணிவதும் குவார்ட்டர்பேக் ஒருவருக்கே உரியன. 1998ஆம் ஆண்டில் அனைவருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பேட்டன் மேனிங்கும், 2000ஆம் ஆண்டில் 199ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, பின்னர் 7 முறை வாகை சூடிய டாம் பிரேடியும், எதிரிகளின் பழைய ஆட்டங்களைப் படச்சுருளில் ஓயாது பார்த்துத் தங்களை ஆயத்தம் செய்தது அந்தச் சில நொடிகளுக்காகவே.

மாணவர்களுக்கும் இத்தகைய மௌனம் வாய்க்கிறது. ஆசிரியர் கற்பிப்பார், பெற்றோர் அறிவுரை கூறுவர், நூல்கள் வழிகாட்டும். தேர்வுக் கூடத்திலோ, பின்னர் வாழ்க்கைப் பணியிலோ, அக்குரல்கள் யாவும் ஓய்ந்து தனித்து நிற்கும் கணம் ஒன்று வரும். அப்போது துணை நிற்பது முன்னரே உழைத்துத் தமதாக்கிக்கொண்ட அறிவு மட்டுமே.