வாரக் கூலியும் மாதத் தவணையும்

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் ஆலங்குளம் அமைதியாகிவிடும். பட்டாசு ஆலைகளுக்கு விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களின் ஓசை கேட்காது. அடுத்த ஆண்டுக்கான உற்பத்தி தொடங்கச் சில வாரங்கள் ஆகும். தொடங்கினாலும் வடகிழக்குப் பருவமழை மருந்தைக் காயவிடாது. அந்த நாள்களில் தெருவுக்குத் தவறாமல் வருகிறவர் ஒருவரே. அவர் கடன் வசூலிப்பவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கார்த்திகை மாத மாலையில் என் பால்ய நண்பரின் மகள் வீட்டுக்கு வந்தார். அவரும் அவருடைய கணவரும் பட்டாசுத் தொழிலாளர்கள். கையில் ஒரு பள்ளி நோட்டு இருந்தது. மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் பெரியப்பா. கூட்டிப் பார்க்கப் பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயம் எனக்குப் புதிதன்று. பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் வட்டிக் கோட்பாடுகளைக் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் கடனாளியாக இருந்தேன். தங்கையின் திருமணத்துக்காக மூன்று பைசா வட்டிக்கு 15,000 ரூபாய் வாங்கியிருந்தேன். மாதம் 450 ரூபாய் வட்டி கட்டுவதைக் கடனை அடைப்பதாகவே எண்ணி வந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து என் மனைவி ஒரு தாளில் கூட்டிக் காட்டினார். வட்டியாக மட்டும் 21,600 ரூபாய் போயிருந்தது. அசல் அப்படியே நின்றது. கணக்குத் தெரியாமல் நான் கடனில் கிடக்கவில்லை. கணக்கைப் பார்க்கும் துணிவில்லாமல்தான் கிடந்தேன்.

எனவே அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து முதலில் கூட்டினோம். தண்டல் பாக்கி 6,000. ஐந்து பைசா வட்டிக்கு வாங்கியது 40,000. இரண்டு நுண்கடன் நிறுவனங்களில் நிலுவை 52,000. அடகுக் கடையில் இரண்டு பைசா வட்டிக்கு வைத்த நகைக்கு 35,000. மகளிர் குழுவில் 20,000. கணவர் ஆலையில் வாங்கிய முன்பணம் 30,000. மொத்தம் 1,83,000 ரூபாய். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

அடுத்து, ஒவ்வொரு கடனின் உண்மையான விலையைக் கண்டோம். தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாள் வட்டி 1,500 என்றால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டைத் தொடுகிறது. ஐந்து பைசா வட்டி ஆண்டுக்கு 60 விழுக்காடு. அடகுக் கடை 24 விழுக்காடு. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் பத்து விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்கிறது. பைசா என்ற சொல் சிறியதாக ஒலிப்பதாலேயே அது பெரிய வட்டியை மறைத்துவிடுகிறது.

பின்னர் வருமானத்துக்கு வந்தோம். இருவருக்கும் சேர்த்து வேலை உள்ள வாரத்தில் 5,500 ரூபாய் கிடைக்கும். அதைக் கொண்டு, மாதம் ஏறத்தாழ 24,000 ரூபாய் வருகிறது என்று அவர் கருதியிருந்தார். செலவுகளும் தவணைகளும் அந்த எண்ணத்தின் மேல் எழுந்தவை. ஆனால் தீபாவளிக்குப் பிந்தைய விடுப்பு, மழை, ஆய்வுகளுக்காக ஆலை மூடப்படும் நாள்கள் எல்லாம் போக, ஆண்டில் அவர்களுக்கு வேலை இருந்தது 36 வாரங்களே. ஆண்டு வருமானம் 1,98,000 ரூபாய். மாதச் சராசரி 16,500. அதில் தவணைக்கும் வட்டிக்கும் 12,100 போனது. மிஞ்சிய 4,400 ரூபாயில் நான்கு பேர் வாழ முடியாது. ஆகவே ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வந்தது. இதை ஊதாரித்தனம் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் இரண்டு வகை வருமானங்களை அருகருகே பார்த்து வளர்ந்தவன் நான். 1970-இல் இங்கே அரசு சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதில் நிரந்தர வேலை பெற்றோருக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் வந்தன. அடுத்த தெருவில் பட்டாசு வேலைக்குப் போனவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி வந்தது. இரு வீடுகளிலும் உழைப்பு ஒன்றுதான். குடியும் பொறுப்பும் இரு வீடுகளிலும் இருந்தன. ஆனால் மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்காக வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு. பருவத்துக்குப் பருவம் மாறும் கூலியின் மேல் அதை வைத்தால் மழைக்காலத்தில் முறிந்துவிடும். பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, இந்த வட்டாரம் இதைக் கண்கூடாகக் கண்டது.

நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம் செலுத்தும் மொத்தத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொல்லை தரக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் தண்டலும் பைசா வட்டியும் ஏறுவதில்லை. ஆகவே தன் பாதியைத் தானே கணக்கிடுவதுதான் கடன் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

வழி என்ன? எளிய மூன்று படிகளைக் கையாண்டோம். முதலாவது, புதுக் கடனை நிறுத்துவது. தண்டல் அந்தச் சுற்றோடு முடிந்தது, மறுசுற்று எடுக்கவில்லை. இரண்டாவது, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது. தங்கத்தின் விலை ஏறியிருந்ததால், அடகுக் கடையில் 35,000 ரூபாய்க்கு இருந்த அதே நகைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 75,000 கிடைத்தது. நகையை மீட்கும் தொகையை உறவினர் ஒருவர் ஒருநாள் கைமாற்றாகத் தந்தார். அடகுக் கடனும் ஐந்து பைசா கடனும் ஒரே நாளில் முடிந்தன. முன்பு அவ்விரண்டுக்கும் ஆண்டு வட்டி 32,400 ரூபாய், இப்போது 7,500. ஆனால் மீட்காத நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் சொன்னேன். மிச்சமாகும் வட்டியை வேறு செலவுக்குத் திருப்பினால் இந்த மாற்றமே புதுப் பொறியாகிவிடும்.

மூன்றாவது, 36 வாரக் கூலியை 52 வாரங்களுக்குப் பரப்புவது. வேலை உள்ள வாரத்தில் 3,800 மட்டும் எடுத்துக்கொண்டு, 1,700 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டால், வேலையில்லாத 16 வாரங்களுக்கும் அதே 3,800 கிடைக்கும். தொடக்கத்தில் அவரால் வாரம் 500 ரூபாய்தான் போட முடிந்தது. தவணைகள் குறையக் குறையத் தொகை ஏறியது. இந்த மண்ணுக்கு இது அந்நியமான பழக்கமும் இல்லை. விருதுநகர் வணிகர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்தனர். வீடுகளில் பெண்கள் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கினர். 1889-இல் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடம் அப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்தது. மிஞ்சினால் சேமிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

கடினமாக இருந்தது செய்முறைதான். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, திருமணம் என்று வரும் அழைப்புகளுக்குக் கடன் வாங்கியாவது மொய் எழுதுவது இங்கே மானப் பிரச்சினை. அவர் தமக்கு முன்பு வந்த மொய் நோட்டை எடுத்து, திருப்பிச் செய்ய வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டார். முதலாண்டில் இரண்டு வீட்டார் முகம் சுளித்தனர். அதையும் பொறுத்துக்கொண்டார்.

முழுப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இலும், வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இலும் தமிழகம் சட்டம் இயற்றியிருக்கிறது. வாங்கிய முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குச் செல்லவிடாமல் தடுப்பது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் தண்டிக்கும் சட்டம் மாற்றுக் கடனைத் தந்துவிடாது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சட்டம் பிறந்ததே உழவரை வட்டிக்காரரிடமிருந்து மீட்கத்தான். பயிர்க் கடனை அறுவடைக்குப் பின் திருப்பிச் செலுத்தச் சொல்கிறோம். பட்டாசுத் தொழிலாளிக்கும் ஓர் அறுவடை உண்டு. ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. அந்த மாதங்களில் கூடுதல் தவணை, மழை மாதங்களில் விடுப்பு என்ற முறையில் ஒரு கடன் திட்டத்தை இவ்வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்கள் வகுப்பதில் என்ன தடை?

முப்பது மாதங்கள் ஆயின. நுண்கடன்கள் முடிந்தன. மகளிர் குழுக் கடன் முடிந்தது. நகைக் கடனில் 28,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. ஆலை முன்பணம் வட்டியில்லாத கடன். ஆகவே அதைக் கடைசியில் அடைக்கலாம் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் கேட்கவில்லை. நுண்கடன் முடிந்ததும் முதலில் அதைத்தான் அடைத்தார். கணவர் வேலை பார்த்த அறையில் ஆட்கள் நெருக்கமாக இருந்தார்களாம். மருந்தும் அளவுக்கு மேல் குவிந்திருந்ததாம். முன்பணம் இருந்தவரை அவரால் விலக முடியவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

இப்போது அவர் வேறோர் ஆலைக்குப் போகிறார். வாரக் கூலி 300 ரூபாய் குறைவு. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து நான் போட்ட வரிசையில் இடம்பெறாத ஒன்றை, அந்தப் பெண்தான் எனக்குக் கற்பித்தார்.